ஒரே ஒரு டான்ட்லெஸ்: 2106 எண் விமானத்தின் பணி வரலாறு

கேள்வி இது: போர் விமான ரகங்களின் வரலாறு எங்கு தேடினாலும் கிடைக்கிறது. ஆனால் ஒரு தாக்குதல் விமானத்தை, ஒரே எண் கொண்ட ஒரே இயந்திரத்தை, தொழிற்சாலை வாசலில் இருந்து கடைசி நாள் வரை பின்தொடர முடியுமா? அப்படி முழுசாகத் தெரிந்த ஒன்று உண்டா?

உண்டு. இரண்டாம் உலகப் போரில் பறந்த ஆயிரக்கணக்கான தாக்குதல் விமானங்களில் பெரும்பாலானவற்றுக்கு மிஞ்சியிருப்பது ஓர் எண்ணும், 'நீக்கப்பட்டது' என்ற குறிப்பும், ஒரு தேதியும்தான். செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போடும் அமெரிக்கக் கடற்படை விமானமான டக்ளஸ் எஸ்பிடி-2 டான்ட்லெஸ் ரகத்தில் 2106 என்ற எண் கொண்ட விமானம் விதிவிலக்கு. நியூகினித் தாக்குதல், 1942 ஜூனில் பசிபிக் கடலில் ஜப்பானியக் கப்பற்படையோடு நடந்த மிட்வே போர், மிச்சிகன் ஏரியின் அடித்தளம் என்று சுற்றிவிட்டு இப்போது ஃப்ளோரிடா மாநிலம் பென்சகோலாவில் உள்ள தேசியக் கடற்படை வான்பறப்பு அருங்காட்சியகத்தில் நிற்கிறது. மிட்வே போரில் பறந்து இன்றும் எஞ்சியிருக்கும் ஒரே அமெரிக்க விமானமாக இதைத்தான் கருதுகிறார்கள். ஏன் இது மட்டும் பிழைத்தது என்று பார்த்தால் விடை எதிர்பாராத இடத்தில் கிடைக்கும். ஒவ்வொரு திருப்பத்திலும் 'இது முன்வரிசைக்குப் போதாது' என்று யாரோ ஒதுக்கிவைத்ததால்தான் இது பிழைத்தது.

முதலில் எண்ணைப் புரிந்துகொள்ள வேண்டும். இந்தத் தேடலில் பாதிப் பிழைகள் அங்கேதான் நடக்கின்றன. அமெரிக்கக் கடற்படை வாங்கும் ஒவ்வொரு விமானத்துக்கும் 'பீரோ நம்பர்' ஒன்று தரப்படும். அது விமானத்தின் ஆயுள் முழுக்க மாறாது. ஆனால் எண்வரிசையே மூன்று முறை தொடங்கியிருக்கிறது. 1917-இல் தொடங்கிய முதல் வரிசைக்கு முன்னால் 'ஏ' என்ற எழுத்து இருந்தது. 1930-களின் நடுவில் 0001-இல் இருந்து இரண்டாவது நான்கிலக்க வரிசை வந்தது. அதற்குப் பிறகு 00001-இல் தொடங்கும் ஐந்திலக்க வரிசை வந்தது. ஆகவே 2106 வேறு, 02106 வேறு. முன்னால் நிற்கும் பூஜ்ஜியத்தை 'சும்மா நிரப்பியது' என்று நினைத்து வெட்டிவிட்டால் வேறொரு விமானத்தின் கதை நம் கதைக்குள் நுழைந்துவிடும். கணினி அட்டவணைகள் இந்தப் பூஜ்ஜியத்தைத் தாமாகவே விழுங்கிவிடும் என்பதால் இப்போது இந்தத் தவறு கூடியிருக்கிறது. எண் கட்டங்களை உரையாக அமைத்துவிட்டுத்தான் தட்டச்சு செய்யத் தொடங்க வேண்டும்.

எஸ்பிடி-2 ரகத்துக்கு ஒதுக்கிய எண்கள் 2102 முதல் 2188 வரை, மொத்தம் 87 விமானங்கள். நம்முடையது அதில் ஐந்தாவது. இதற்கு முன் மரைன் படைக்காக 57 எஸ்பிடி-1 விமானங்கள் கட்டப்பட்டிருந்தன. போர் முடிவதற்குள் எல்லா வகைகளும் சேர்ந்து 5,900-ஐத் தாண்டின. அந்தக் கூட்டத்தில் தொடக்கத்திலேயே நிற்கும் ஒரு பழைய வகையின் ஐந்தாவது விமானம் இது.

இரண்டாவது குழப்பம் பக்கவாட்டில் எழுதும் எண். விமானத்தின் உடலில் பெரிதாகத் தெரிவது அதுதான். புகைப்படங்களில் பிடிபடுவதும் அதுதான். ஆனால் அது படையணி தரும் எண், விமானத்தின் எண் அல்ல. போருக்கு முன் '2-பி-5' என்ற பாணியில் எழுதுவார்கள்: முதல் எண் படையணி, எழுத்து அதன் வேலை, கடைசி எண் அணிக்குள் வரிசை. விமானம் அணி மாறியதும் அது அழிந்து வேறொன்று ஏறும். மிட்வேயில் 2106-க்குக் கிடைத்தது வெறும் '6'. அதே எண்ணோடு அந்தக் காலத்தில் நூற்றுக்கணக்கான விமானங்கள் பறந்தன. அதனால் பக்க எண்ணை வைத்து ஒரு விமானத்தை அடையாளம் சொல்பவர் அந்தத் தேதியையும் அந்த அணியையும் சேர்த்துச் சொன்னால் மட்டுமே ஏற்கலாம்.

இனி இயந்திரம். கலிஃபோர்னியாவின் எல் செகுண்டோவில் டக்ளஸ் நிறுவனத்தில் கட்டப்பட்டது. வடிவமைப்பின் தலைவர் எட் ஹைனெமன். இருவர் செல்லும் விமானம்: முன்னால் விமானி, அவருக்கு முதுகைக் காட்டி அமர்ந்து பின்னால் சுடும் வானொலி ஆள். ரைட் நிறுவனத்தின் ஒன்பது சிலிண்டர் சைக்ளோன் எஞ்சின், சுமார் 1,000 குதிரைத்திறன். இறக்கை நீளம் 41 அடி 6 அங்குலம். இறக்கை மடியாது. விமானந்தாங்கிக் கப்பலில் இடம் அடைத்தாலும், மடிப்புக் கீல் இல்லாததால் இறக்கை வலுவாகவும் எடை குறைவாகவும் அமைந்தது. 70 டிகிரி சரிவில் பாய்ந்து நிமிர வேண்டிய விமானத்துக்கு இது பெரிய வரம். எஸ்பிடி-1-இல் 210 கேலன் பிடித்த எரிபொருள், வெளி இறக்கைகளில் கூடுதல் தொட்டி வைத்ததால் எஸ்பிடி-2-இல் 310 கேலனாக உயர்ந்தது. கப்பலில் இருந்து நெடுந்தூரம் தேடிப் போய்த் திரும்ப அது தேவைப்பட்டது.

இறக்கையின் பின்விளிம்பில் ஓட்டை ஓட்டையாக இருக்கும் தடுப்பு மடல்கள்தான் டான்ட்லெஸின் அடையாளம். பாயும்போது அவை மேலும் கீழுமாகப் பிளந்து திறந்து, வேகத்தை மணிக்கு சுமார் 440 கிலோமீட்டருக்குள் பிடித்து வைக்கும். முன்னோடி விமானமான நார்த்ராப் பிடி-1-இல் இந்த மடல்கள் திறந்ததும் வால் அதிர்ந்து நடுங்கியது. மடலில் துளை போட்டதும் அடங்கியது. வயிற்றின் கீழே தொங்கும் குண்டை ஒரு கவை கீழ்நோக்கி வீசித் தள்ளும். இல்லாவிட்டால் செங்குத்தாகப் பாயும் விமானத்தில் இருந்து விடுபட்ட குண்டு அந்த விமானத்தின் சுழலியிலேயே மோதும்.

இந்த வகையின் குறைகளையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் 2106-இன் விதியை அவைதான் எழுதின. தொலைநோக்கி வடிவக் குறிபார்ப்பான் குளிர்ந்த உயரத்தில் இருந்து ஈரக்காற்றுக்குள் பாய்ந்ததும் பனி மூடி மங்கிவிடும். குண்டு துளைத்தால் தானே அடைத்துக்கொள்ளும் எரிபொருள் தொட்டியும் விமானிக்குக் கவசமும் தொழிற்சாலையிலேயே பொருத்தி வந்தது அடுத்த வகையான எஸ்பிடி-3-இல்தான். அந்த வகை 1941-இல் வரத் தொடங்கியதுமே, எஸ்பிடி-2 'பழையது' ஆகிவிட்டது.

2106 கடற்படையின் கைக்கு வந்தது 1940-இன் இறுதியில். லெக்சிங்டன் விமானந்தாங்கிக் கப்பலின் இரண்டாம் குண்டுவீச்சுப் படையணியில் சேர்ந்தது. ஹவாயின் பேர்ல் ஹார்பர் துறைமுகத்தை ஜப்பான் தாக்கிய 1941 டிசம்பர் 7 அன்று லெக்சிங்டன் துறைமுகத்தில் இல்லை. மிட்வே தீவுக்கு மரைன் படையின் குண்டுவீச்சு விமானங்களை ஏற்றிக்கொண்டு கடலில் போய்க்கொண்டிருந்தது. அதே மிட்வேக்கு ஆறு மாதத்தில் 2106-உம் போய்ச் சேரும்.

அதன் முதல் பெரிய சண்டை 1942 மார்ச் 10. ஜப்பானியர் நியூகினியின் வடக்குக் கரையில் லே, சலமாவா என்ற இரண்டு இடங்களில் இறங்கி இரண்டு நாள் ஆகியிருந்தது. லெக்சிங்டனும் இன்னொரு விமானந்தாங்கியான யார்க்டவுனும் அவர்கள் எதிர்பார்த்த வடக்குப் பக்கம் போகாமல், தீவின் தெற்கே பப்புவா வளைகுடாவில் இருந்து 104 விமானங்களை அனுப்பின. இடையில் ஓவன் ஸ்டான்லி மலைத்தொடர். சுமார் 7,500 அடியில் ஒரு கணவாய் வழியாகக் கடந்தாக வேண்டும்; முற்பகலுக்குள் மேகம் வந்து அதை அடைத்துவிடும். லெக்சிங்டனின் விமானக் குழுத் தலைவர் வில்லியம் ஆல்ட் கணவாய் மீதே வட்டமடித்து வானிலையைச் சொல்லிக்கொண்டிருந்தார். டான்ட்லெஸ்கள் சிரமமின்றித் தாண்டின. டார்பிடோ சுமந்த கனமான டெவஸ்டேட்டர் விமானங்கள்தான் தவித்தன. வெயில் பட்ட நிலத்தில் இருந்து மேலெழும் வெப்பக் காற்றைத் தேடிப்பிடித்து, அதில் ஏறித் தாண்டின. மூன்று ஜப்பானியக் கப்பல்கள் மூழ்கின, வேறு பல சேதமடைந்தன. அமெரிக்கர்கள் இழந்தது ஒரே ஒரு டான்ட்லெஸ். அன்று 2106-ஐ ஓட்டியவர் மார்க் விட்டியர் என்ற இளநிலை லெப்டினன்ட்.

லெக்சிங்டன் மார்ச் இறுதியில் பேர்ல் ஹார்பர் திரும்பியது. அடுத்த பயணத்துக்குப் புதிய எஸ்பிடி-3-கள் கப்பலேற, 2106 ஹவாயில் தங்கிவிட்டது. முதல் ஒதுக்கல் இது. மே 8 அன்று பவளக்கடல் போரில் லெக்சிங்டன் தீப்பிடித்து, முப்பதுக்கும் மேற்பட்ட விமானங்களோடு மூழ்கியது. புதியது என்று எடுத்துப்போன விமானங்கள் கடலடியில் கிடக்க, பழையது என்று விட்டுப்போனது கரையில் நின்றது.

கடற்படை கழித்தது மரைன் படைக்கு வரும் என்பது அந்தக் காலத்து வழக்கம். மே 26 அன்று கிட்டி ஹாக் என்ற விமானச் சரக்குக் கப்பல் மிட்வேயில் 19 எஸ்பிடி-2-களையும் 7 வைல்ட்கேட் சண்டை விமானங்களையும் இறக்கியது. 2106 இப்போது மரைன் படையின் 241-ஆம் குண்டுவீச்சுப் படையணிக்குச் சொந்தம். அதன் தலைவர் மேஜர் லாஃப்டன் ஹென்டர்சன். கப்பலோடு வந்த விமானிகள் பலர் பயிற்சிப் பள்ளியில் இருந்து நேராக வந்தவர்கள்.

போர் தொடங்க இருந்தது ஒன்பது நாள். அதிலும் பயிற்சிக்குப் பெட்ரோல் இல்லை. மே 22 அன்று, எதிரி இறங்கினால் தகர்க்கலாம் என்று வைத்திருந்த வெடிகள் தவறுதலாக வெடித்துத் தீவின் எரிபொருள் கிடங்கில் சுமார் 4 லட்சம் கேலன் நாசமாகியிருந்தது. மிச்சத்தைப் பீப்பாய்களில் இருந்து கைப்பம்பால் ஏற்ற வேண்டிய நிலை. 70 டிகிரிப் பாய்ச்சலை இவர்களால் செய்ய முடியாது என்று ஹென்டர்சன் சரியாகவே கணித்தார். சறுக்கிப் போய்க் குண்டு போடும் முறையைத் தேர்ந்தார்: சுமார் 9,000 அடியில் இருந்து சாய்வாக இறங்கி, 500 அடிக்குக் கீழே விடுவிப்பது. செங்குத்தாகப் பாய்ந்தால் கீழே உள்ள பீரங்கிகளுக்கும் பின்னால் வரும் ஜப்பானியச் சண்டை விமானங்களான ஜீரோக்களுக்கும் குறிபார்க்க அரை நிமிடத்துக்கு மேல் கிடைக்காது. சறுக்கலில் நீண்ட நேரம், நேர்கோட்டில், வேகம் குறைந்து, முதுகைக் காட்டிக்கொண்டு போக வேண்டும். ஹென்டர்சன் குறை சொல்லத் தக்கவர் அல்ல. கையில் இருந்த ஆட்களை வைத்து வேறு வழி இல்லை. ஆனால் 2106-இன் மேல் விழுந்த தோட்டாக்களின் எண்ணிக்கைக்குக் காரணம் இந்த முறைதான்.

ஜூன் 4 காலை. தீவின் ராடாரில் ஜப்பானிய விமானங்கள் தெரிந்ததும் எல்லாம் மேலேறின. ஹென்டர்சன் தலைமையில் 16 டான்ட்லெஸ்கள், மேஜர் பெஞ்சமின் நாரிஸ் தலைமையில் 11 பழைய விண்டிகேட்டர் குண்டுவீச்சு விமானங்கள். துணைக்கு ஒரு சண்டை விமானமும் இல்லை. வைல்ட்கேட்களும் பஃபலோக்களும் தீவைக் காக்கப் போய்விட்டன. 2106-இல் முதல் லெப்டினன்ட் டேனியல் ஐவர்சன், பின்னால் வாலஸ் ரீட். வயிற்றில் 500 பவுண்டுக் குண்டு, அதாவது சுமார் 227 கிலோ.

எட்டு மணியை ஒட்டி ஜப்பானியக் கப்பற்படை தென்பட்டது. ஜீரோக்கள் முதலில் தலைவரைத் தேடின. ஹென்டர்சனின் இறக்கை தீப்பற்றி அவர் விழுந்தார். கேப்டன் எல்மர் கிளிடன் முன்னேறித் தலைமை ஏற்றார். குறி ஹிர்யூ விமானந்தாங்கி. ஐவர்சன் இரண்டு ஜீரோக்கள் பின்தொடர மேகத்தின் வழியாக இறங்கி, சில நூறு அடியில் குண்டை விடுவித்தார். கப்பலின் பின்பக்கம் மிக அருகில் விழுந்தது. திரும்பும் வழியில் ஜீரோக்கள் பல மைல் துரத்தின. ரீட் காயம்பட்டார். ஒரு தோட்டா ஐவர்சனின் கழுத்தில் கட்டியிருந்த தொண்டை மைக்கை அறுத்துக்கொண்டு போனது. கழுத்தில் கீறலும் இல்லை.

ஹைட்ராலிக் அமைப்பும் போனது. டான்ட்லெஸில் சக்கரம், மடல் இரண்டும் இதே அழுத்தத்தில்தான் இயங்கும். எஞ்சின் பம்ப் போனால் விமானி கையால் அடிக்க ஒரு பம்ப் உண்டு. ஆனால் குழாய் துளைபட்டு எண்ணெயே வடிந்துவிட்டால் கைப்பம்பு எதைத் தள்ளும்? ஒரு சக்கரம் மட்டும் இறங்கியது. அதை வைத்துத்தான் மிட்வேயின் ஈஸ்டர்ன் தீவு ஓடுதளத்தில் ஐவர்சன் இறக்கினார். ஒற்றைச் சக்கரத்தில் இறங்கும்போது வேகம் இருக்கும்வரை இறக்கையைத் தூக்கிப் பிடிக்கலாம். வேகம் தளர்ந்ததும் அது தரையைத் தொட்டு விமானம் சுழன்று நிற்கும். இருவரும் நடந்து வெளியே வந்தார்கள். விமானத்தின் உடலில் 219 துளைகள் எண்ணப்பட்டன.

இந்த எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. ஜீரோவில் மூக்கில் இரண்டு 7.7 மில்லிமீட்டர் துப்பாக்கி, இறக்கையில் இரண்டு 20 மில்லிமீட்டர் பீரங்கி. இருநூற்றுச் சொச்சம் இருபது மில்லிமீட்டர் குண்டு வாங்கி எந்த ஒற்றை எஞ்சின் விமானமும் வீடு திரும்பாது. அந்தத் துளைகளில் பெரும்பாலானவை சிறு தோட்டாவும் சிதறல்களும் போட்டவையாகத்தான் இருக்க முடியும். ஒரே தோட்டா நுழையும்போது ஒன்று, வெளியேறும்போது ஒன்று என இரண்டு துளை போடும் என்பதையும் மறக்கக் கூடாது. துளை எண்ணிக்கை வேறு, பட்ட அடிகளின் எண்ணிக்கை வேறு. அன்று அதே அணியில் பறந்த ரிச்சர்ட் ஃபிளெமிங்கின் விமானத்தில் 179 துளைகள் எண்ணப்பட்டன. அவர் மறுநாள் இன்னொரு விமானத்தில் போய் உயிரிழந்தார். அவருக்கு அமெரிக்காவின் உயரிய வீர விருது வழங்கப்பட்டது. ஐவர்சனுக்குக் கடற்படைச் சிலுவை என்ற விருது.

போன 16 டான்ட்லெஸ்களில் திரும்பியவை எட்டு. ஹிர்யூ மீது ஒரு குண்டும் விழவில்லை. விமானிகள் அடித்ததாக நம்பினார்கள். போருக்குப் பின் ஜப்பானிய ஆவணங்கள் இல்லை என்று காட்டின. இதில் பொய் எதுவும் இல்லை. 400 அடியில் விடுவித்த குண்டு அருகில் விழுந்து எழுப்பும் நீர்த்தூணும் புகையும் விலகி ஓடுபவன் கண்ணுக்கு வெடித்த கப்பல் போலவே தெரியும். தனி விமானத்தின் வரலாற்றை எழுதுபவர், விமானியின் அறிக்கையை அவர் கண்டதற்குச் சாட்சியாக வைக்கலாம். எதிரிக்கு நேர்ந்ததற்கு எதிரியின் ஆவணத்தைத்தான் பார்க்க வேண்டும். அதற்காக இந்தத் தாக்குதல் வீண் என்று சொல்லிவிட முடியாது. மிட்வேயில் இருந்து அலையலையாக வந்த தாக்குதல்கள், ஜப்பானியக் கப்பல்களை வளைந்து நெளிந்து ஓடவும், தளங்களில் சண்டை விமானங்களையே ஏற்றி இறக்கவும் வைத்தன. அந்த அவசரத்துக்கு நடுவில் பத்தேகால் மணிக்கு மேல் அமெரிக்கக் கப்பல்களின் டான்ட்லெஸ்கள் வந்து மூன்று விமானந்தாங்கிகளை எரித்தன. ஹிர்யூவை மாலையில் பிடித்தன. அவையும் இதே ரகம்தான். ஆனால் செங்குத்தாகப் பாயப் பழகியவர்கள் ஓட்டினார்கள்.

இரண்டாவது ஒதுக்கல் இங்கே. மிட்வேயில் பழுதுபார்க்க வசதியில்லாத விமானங்களின் வழக்கமான முடிவு, நல்ல பாகங்களைக் கழற்றிக்கொண்டு மிச்சத்தைக் குவியலில் தள்ளுவது. 2106 அப்படி ஆகவில்லை. கப்பலேறி அமெரிக்க நிலப்பகுதிக்குப் போனது. அங்கே துளைகளுக்கு அலுமினியத் தகடுகளை வெட்டி ரிவெட் அடித்து ஒட்டுப் போட்டார்கள். சிறு துளைக்கு, கிழிந்த விளிம்பை வட்டமாக வெட்டிச் சீராக்கி, மேலே ஒரு தகடு வைத்துச் சுற்றிலும் ரிவெட். விரிசல் ஓடியிருந்தால் அதன் நுனியில் ஒரு சிறு துளை போட்டு நிறுத்துவார்கள். அதைச் செய்யாமல் மூடினால் விரிசல் ஒட்டுக்கு அடியிலேயே வளரும். இவ்வளவு ஒட்டுப் போட்ட உடலை மறுபடி போருக்கு அனுப்ப மாட்டார்கள். பயிற்சிக்கு என்று முத்திரை குத்தி, சிகாகோவுக்கு அருகே கிளென்வியூவில் இருந்த விமானந்தாங்கித் தகுதிப் பயிற்சிப் பிரிவுக்குக் கொடுத்தார்கள்.

அங்கே மிச்சிகன் ஏரியில் வுல்வரின், சேபிள் என்று இரண்டு பயிற்சிக் கப்பல்கள். இரண்டும் நிலக்கரியில் ஓடிய, பக்கவாட்டுத் துடுப்புச் சக்கரம் கொண்ட பயணிகள் கப்பல்கள். மேல்தளங்களை வெட்டிவிட்டு விமானத்தளம் வைத்தார்கள். விமானங்களை நிறுத்தும் கூடமும் இல்லை, அவற்றை ஏற்றும் மின்தூக்கியும் இல்லை. எதிரி நீர்மூழ்கிகள் வர முடியாத ஏரி என்பதே இதன் பெரிய நன்மை. போர் முடிவதற்குள் 17,800-க்கும் மேற்பட்ட விமானிகள் இங்கே தேறினார்கள். பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான மூத்த ஜார்ஜ் புஷ் 1943 ஆகஸ்டில் சேபிளில் தேறியவர்.

சிக்கல் காற்றில் இருந்தது. தளம் நீரில் இருந்து 26 அடி உயரம்தான்; உண்மையான விமானந்தாங்கிகளில் அது இரண்டு மடங்குக்கும் மேல். கப்பலின் வேகம் 18 நாட் (மணிக்கு 18 நாட்டிகல் மைல்) அளவில் நின்றுவிடும். டான்ட்லெஸ் போன்ற கனமான விமானத்துக்குத் தளத்தின் மேல் சுமார் 30 நாட் காற்று ஓட்டம் வேண்டும்; ஏரியில் இயற்கைக் காற்று குறைந்த நாளில் அது கிடைக்காது. இறங்கும் வளைவில் எஞ்சின் தடுமாறினால் திருத்த உயரமும் இல்லை, வேகமும் இல்லை. ஓட்டுபவரோ வாழ்க்கையில் முதன்முறையாகக் கப்பலில் இறங்குபவர். விமானமோ போரில் தேய்ந்து வந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் ஏரிக்குள் போனதில் வியப்பில்லை. 1943 ஜூன் 11 அன்று சேபிளை நெருங்கும்போது 2106-உம் தண்ணீரில் இறங்கியது. ஓட்டிய மரைன் இரண்டாம் லெப்டினன்ட் உயிர் பிழைத்தார், விமானம் மூழ்கியது. கடற்படைக் கணக்கில் இருந்து எடுத்துவிட்டார்கள்.

மூன்றாவது ஒதுக்கல் இது, காப்பாற்றியதும் இதுதான். அன்று மூழ்காமல் போர் முடியும்வரை பறந்திருந்தால், 1945-46-இல் ஆயிரக்கணக்கான டான்ட்லெஸ்களோடு சேர்ந்து உருக்கும் உலைக்குப் போயிருக்கும். மிச்சிகன் ஏரி நன்னீர். ஆழத்தில் ஆண்டு முழுக்கக் குளிர். கடலில் உப்பு அலுமினியத்தையும் எஃகு ஆணியையும் ஒரு மின்கலம்போல் ஆக்கி, இரண்டும் தொடும் இடத்தில் தின்னத் தொடங்கும். நன்னீரில் அந்த வேகம் பல மடங்கு குறைவு. வண்ணமும் எண்ணும் படிக்கக்கூடிய நிலையில் பல விமானங்கள் அங்கிருந்து மேலே வந்திருக்கின்றன. இப்போது அந்தச் சாதகம் குறைந்துவருகிறது: பின்னாளில் பரவிய க்வாகா சிப்பிகள் மூழ்கிய உலோகத்தின் மேல் அடையாக ஒட்டி, வண்ணத்தையும் மேல்தோலையும் கெடுக்கின்றன. 2106-ஐ 1994-இல் எடுத்தது நல்ல நேரத்தில்.

மூழ்கிய விமானமானாலும் கடற்படையின் சொத்து கடற்படையின் சொத்தாகவே நீடிக்கும் என்பது அமெரிக்க நிலைப்பாடு. 2004-இல் அதற்குத் தனிச் சட்டமே வந்தது. ஆகவே தூக்குவது கடற்படையின் அனுமதியோடுதான். பக்கவாட்டு சோனாரில் இடத்தைப் பிடித்து, முக்குளிப்போர் வலுவான சட்டப் பகுதிகளில் பட்டை கட்டி மெதுவாக மேலேற்றுவார்கள். அவசரப்பட்டால் எஞ்சின் தாங்கி முறியும், அல்லது சேறு நிறைந்த பின்னுடல் தன் எடையாலேயே ஒடியும். நீர்மட்டத்தைத் தாண்டும் நொடிதான் மிக அபாயம்: தண்ணீர் தாங்கிய எடை சட்டென்று பட்டைக்கு மாறும். காற்றுப் பட்டதும் இத்தனை ஆண்டு நின்றிருந்த அரிப்பு மணிக்கணக்கில் தொடங்கிவிடும். உடனே கழுவி, சேறு நீக்கி, உலர்த்தியாக வேண்டும். சீரமைப்பு முடிந்து 2001-இல் காட்சிக்கு வந்தது.

இனி இதன் செயல்முறைப் பகுதிக்கு வருகிறேன். வேறொரு விமானத்தை இப்படித் தேட நினைத்தால் நான்கு வகைக் காகிதம் வேண்டும். ஒன்று, விமான வரலாற்று அட்டை: எந்த மாதம் எந்த அணியின் பொறுப்பில் இருந்தது என்று சொல்லும், எங்கே சண்டையிட்டது என்று சொல்லாது. அதில் உள்ள தேதிகள் பெரும்பாலும் தகவல் பதிவான தேதிகள், நிகழ்ந்த தேதிகள் அல்ல. சில வாரம் தள்ளியே இருக்கும். இரண்டு, விமானிகளின் பறப்புப் பதிவேடு: கடற்படை விமானிகள் ஒவ்வொரு பறப்பிலும் பீரோ எண்ணை எழுதும் கட்டம் அதில் உண்டு. 'இந்த நாள், இந்த ஆள், இந்த விமானம்' என்ற முடிச்சை உறுதியாகப் போட அதைவிட நல்ல சான்று கிடையாது. மூன்று, படையணியின் போர் நாட்குறிப்பும் நடவடிக்கை அறிக்கையும். நான்கு, விபத்து அறிக்கை: எண் தெளிவாக இருக்கும், காரணம் மட்டும் சில சமயம் ஒரே வரியில் முடிந்துவிடும். இந்த நான்கில் குறைந்தது இரண்டு ஒத்துப்போகாத வரை 'இன்ன போரில் பறந்தது' என்று எழுதாதீர்கள். அணி அங்கே இருந்தது என்பதால் விமானமும் அங்கே இருந்தது என்று ஆகிவிடாது. பழுதுக் கொட்டகையில் கிடந்திருக்கலாம்.

புகைப்படத்தைத் தேதியிட வண்ணம் பெரிய துணை. 1942 ஜனவரியில் வாலின் திருப்பியில் சிவப்பு வெள்ளையாகப் பதின்மூன்று பட்டைகள் போட உத்தரவு வந்தது. மே மாதம் அவற்றையும் நட்சத்திரத்தின் நடுவில் இருந்த சிவப்பு வட்டத்தையும், ஜப்பானியச் சின்னத்தோடு குழம்புகிறது என்று அழிக்கச் சொன்னார்கள். எனவே லே தாக்குதலின்போது 2106-இன் வால் பட்டையோடு இருந்திருக்க வேண்டும். மிட்வேயில் இருக்கக் கூடாது. 'மிட்வே' என்று தலைப்பிட்ட படத்தில் வாலில் பட்டை தெரிந்தால் அந்தத் தலைப்பை நம்ப வேண்டாம்.

உலோகத்திலும் ஏமாற இடம் உண்டு. பெரும் பழுதின்போது இறக்கையையும் வாலையும் வேறு விமானத்தில் இருந்து எடுத்துப் பொருத்துவார்கள். அடையாளத் தகடு ஒரு சிறு அலுமினியத் துண்டு. நான்கு ரிவெட்டைக் கழற்றினால் இடம் மாறிவிடும். அதனால் நடு உடல் எது என்பதைத்தான் விமானத்தின் அடையாளமாகக் கொள்ள வேண்டும், அதையும் காகிதம் சொல்லும் காயங்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 2106-இன் விஷயத்தில் அந்த ஒப்பீடு கிடைத்தது. சேற்றையும் வண்ணத்தையும் நீக்கியபோது, 1942-இல் அடித்த ஒட்டுத் தகடுகள் உடலெங்கும் தெரிந்தன. வேறெந்த டான்ட்லெஸும் இத்தனை ஒட்டோடு மிச்சிகன் ஏரியில் விழுந்திருக்க நியாயமில்லை.

ஐவர்சன் 1944 ஜனவரியில், ஃப்ளோரிடாவின் வீரோ பீச்சில் பயிற்றுநராக இருந்தபோது, நடுவானில் இரு விமானங்கள் மோதி உயிரிழந்தார். அவர் மிட்வேயில் இறக்கிய விமானம் அப்போது ஏரிக்கடியில் கிடந்தது. பென்சகோலாவில் அதை மிட்வே நாள் வண்ணத்திலேயே நிறுத்தியிருக்கிறார்கள்: நீலச்சாம்பல் உடல், சிவப்பு வட்டம் அழிந்த நட்சத்திரம், பக்கத்தில் வெள்ளை '6'. போகிறவர்கள் எண்ணைப் படம் பிடித்துவிட்டு நகர்ந்துவிடாமல், பக்கவாட்டில் நின்று தோலின் மேல் வெளிச்சம் சாய்வாக விழும் கோணத்தில் பாருங்கள். வண்ணத்துக்கு அடியில் ஒட்டுத் தகடுகளின் விளிம்புகள் மேடாகத் தெரியும்.